ரேம் போடக் கொடுத்தேன், மதர்போர்டு போச்சு என்றார்கள்: சாட்ஸ்வொர்த் மக்கள் கவனத்துக்கு

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) கூட்டித் தரச்சொல்லிக் கடையில் கொடுத்த கம்ப்யூட்டரில் பொருந்தாத ரேமைப் போட்டு ஓடவிடாமல் செய்துவிட்டு, அதைச் சரிசெய்ய என்னிடமே 2,800 ராண்ட் கேட்டார்கள்.

கோயில் தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் அடிக்கிற கம்ப்யூட்டர் அது. பழசுதான்: மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், எச்61 வகை மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை), 2 ஜிபி ரேம் இரண்டு. படம் சேர்த்த பாடத்தைத் திறந்தாலே திணறும். சரி, 8 ஜிபி போட்டால் இன்னும் சில வருடம் ஓடும் என்று பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "இதற்குப் பொருந்துவதாகப் பார்த்துப் போடுங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். 650 ராண்ட் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு போன் வந்தது. "ஆண்ட்டி, புது ரேம் போட்டோம், ஸ்டார்ட் ஆகலை. மதர்போர்டு ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கு, இப்போ போயிடுச்சு. லோட்ஷெட்டிங்கில் கரண்ட் போய்ப் போய் வந்ததால் இருக்கும்." வேறொரு பழைய மதர்போர்டைப் போட்டுத் தர 2,800. வேண்டாமென்றால் சோதித்துப் பார்த்ததற்கு 450. காலையில் கடைக்குத் தூக்கிப் போகும்வரை ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்! கரண்ட் மேல் பழி போட்டால் இந்த ஊரில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். 450ஐக் கட்டிப் பெட்டியை மீட்டு வந்தேன். பழைய ரேம் இரண்டும் உள்ளே இல்லை. கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

என் அக்கா மகன் ஃபீனிக்ஸில் இதே வேலைதான் செய்கிறான். அவன் முதலில் ரேமை முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டான். பீப், பீப் என்று கத்தியது. "சின்னம்மா, ரேம் இல்லைன்னு போர்டு புகார் சொல்லுது. செத்த போர்டு புகார் சொல்லாது" என்றான். (பீப் சத்தம் தரும் சிறு ஸ்பீக்கர் எல்லாப் பெட்டியிலும் இருக்காது. அதனால் சத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டவும் முடியாது.) அப்புறம் தன்னிடமிருந்த சாதாரண டிடிஆர்3 ரேம் (இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கான வகை) ஒன்றைச் செருகினான். விண்டோஸ் திறந்துவிட்டது.

கடைக்காரர் போட்ட ரேமில்தான் கோளாறு. மலிவாக விற்கும் டிடிஆர்3 ரேம்களில் ஒரு வகை, இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர் போடும் மதர்போர்டுகளில் மட்டும் வேலை செய்யும். அதிலுள்ள சிப்புகளின் அமைப்பை இன்டெல் கம்ப்யூட்டர்கள் ஏற்காது. ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், விசிறியும் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். விற்கும்போது ஏஎம்டிக்கு மட்டும் என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். வாங்கிப் பொருத்துகிற கடைக்காரருக்கு இது தெரியாதா? தெரியாமல் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பழைய ரேமைத் திருப்பிச் செருகிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் போர்டு போச்சு என்று ஒரு பெண்மணியிடம் சொல்வது எனக்கு ஏமாற்றாகத்தான் படுகிறது.

ரேம் மாற்றியபின் கம்ப்யூட்டர் எழவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும் என்கிறான் அக்கா மகன். ரேம் முழுதாக உட்காராமல், ஓரத்துக் கொக்கி பூட்டாமல் இருக்கலாம். கை பட்டு ஏதாவது மின் வயர் தளர்ந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள வட்ட பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் பழைய செட்டிங் அழிந்து எழுந்துவிடுவதும் உண்டு. டிடிஆர்5 போட்ட புது கம்ப்யூட்டர் என்றால், முதல் தடவை சில நிமிடம் திரை வராமல் இருப்பது இயல்பு; பயந்து அணைத்துவிடாதீர்கள். இதையெல்லாம் பார்க்காமல் போர்டை மாற்றக் காசு கொடுக்காதீர்கள்.

நம் தென்னாப்பிரிக்கச் சட்டமும் நம் பக்கம்தான். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகங்களை எடுத்துவைத்து நம்மிடம் திருப்பித் தரவேண்டும். வேண்டாம் என்று நாமே சொன்னால்தான் வைத்துக்கொள்ளலாம். 15ஆம் பிரிவு, செலவு மதிப்பீட்டுக்கும் நம் சம்மதத்துக்கும் உரியது. மதிப்பீடு தயாரிக்கக் கட்டணம் உண்டென்றால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த 450 பற்றி என்னிடம் யாரும் முன்னால் மூச்சு விடவில்லை. சொன்ன வேலைக்குப் பொருந்தாத பொருளை 56ஆம் பிரிவுப்படி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

கடைக்கு இதையெல்லாம் எழுத்தில் கொடுத்தேன். பதில் இல்லை. இப்போது நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் போட்டிருக்கிறேன். அது முடியும்வரை கடையின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களில் யாருக்காவது ரேம் போடக் கொடுத்து, போர்டு போச்சு என்ற பதில் வந்திருந்தால், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். கடை எதுவானாலும் நீங்களும் புகார் போடுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.