ரோமில் தனி வழிகாட்டியா, குழுவா, ஒலி வழிகாட்டியா?

ரோம் போகத் திட்டமிடும் பலர் இந்தக் கேள்விக்கு ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரே பதில் தேடுகிறார்கள். நமக்கென்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதா, குழுவோடு சேர்ந்துகொள்வதா, ஒலி வழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு நாமே சுற்றுவதா என்பதை இடத்துக்கு இடம் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடிந்து கிடக்கும் இடத்தில் கூடவே ஓர் ஆள் வேண்டும். முழுதாக நிற்கும் கட்டடத்தில் பெரும்பாலும் வேண்டியதில்லை.

பண்டைய ரோமின் பொதுவாழ்வு மையமாக இருந்த ரோமன் ஃபோரத்தை எடுத்துக்கொள்வோம். தூண்களும் சரிந்த சுவர்களும் கற்குவியல்களும் பரந்து கிடக்கும் வெளி அது. எது கோயில், எது நீதிமன்றம் என்று பார்வையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒலி வழிகாட்டி இங்கேதான் படுதோல்வி அடைகிறது. அது ஒரு கல்லைப் பற்றிப் பேசும். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். குழுவோடு போனால் வேறொரு சிக்கல். முன்னால் இருப்பவர்கள் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே பார்க்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர் அந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது, காதுக்கருவியில் ஒலிக்கும் வழிகாட்டியின் குரல் அடுத்த கட்டடத்துக்குப் போயிருக்கும்.

அங்கே கி.பி. 203-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட, பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவை நின்று பார்க்கப் பத்து நிமிடமாவது வேண்டும். மேலே உள்ள கல்வெட்டில் நான்காவது வரி மற்ற வரிகளைப் போல இல்லை. அங்கே முதலில் இருந்தது பேரரசரின் இளைய மகன் கெட்டாவின் பெயர். தந்தை இறந்த 211-ஆம் ஆண்டிலேயே அண்ணன் கரகல்லா தம்பியைக் கொல்லச் செய்தான். பெயரையும் கல்லிலிருந்து பெயர்த்தெடுத்து, அந்த இடத்தைப் பொதுவான புகழ்மொழியால் நிரப்பினான். பழைய உலோக எழுத்துகளைப் பொருத்திய துளைகள் புதிய வரியின் ஊடே இன்றும் தெரிகின்றன. எந்தத் துளை எந்த எழுத்துக்குரியது என்று விரல் நீட்டிக் காட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால், ஒரு கொலையின் தடயத்தையே நேரில் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, பிற்காலத்தில் தேவாலயமாக மாறிய அன்டோனினஸ் – ஃபாஸ்டினா கோயிலின் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயக் கதவு, படிகளுக்கு மேலே எட்டாத உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கதவை வைத்த காலத்தில் மண்மேடு அதுவரை உயர்ந்திருந்தது. பிற்கால அகழாய்வில் மண்ணை அகற்றியபோது கதவு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. ஃபோரம் எவ்வளவு ஆழத்தில் புதைந்து கிடந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அங்கே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் நம் விருப்பம்போல நிற்பதற்காகத்தான் தனி வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கிறோம்.

கொலோசியம் இடைப்பட்டது. வடிவம் பார்த்தவுடன் புரிந்துவிடும், குழுவே போதும். வாயில் வளைவுகளின் மேல் செதுக்கிய எண்களையும், இரும்புப் பிணைப்புகளைப் பிடுங்கியதால் கல்லில் ஏற்பட்ட குழிகளையும் எந்த வழிகாட்டியும் காட்டிவிடுவார். விலங்குகளையும் வீரர்களையும் மேலே ஏற்றிய நிலத்தடிப் பகுதியைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனி டிக்கெட் உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்ற விளம்பரத்தை முழுமையாக நம்ப வேண்டாம். டிக்கெட் வரிசையைத்தான் தவிர்க்கலாம்; பாதுகாப்புச் சோதனை எல்லாருக்கும் உண்டு. டிக்கெட்டில் பெயர் இருக்கும் என்பதால் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குத் தனி வழிகாட்டி அமர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாரும் காண விரும்பும் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் பேசவே கூடாது. மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய கூரை ஓவியங்களை, வழிகாட்டிகள் வெளிமுற்றத்தில் உள்ள விளக்கப் பலகைகளின் முன் நின்று முன்கூட்டியே விளக்கிவிட்டு நம்மை உள்ளே அனுப்புகிறார்கள். கூட்டத்தின் வேகத்தில்தான் நடக்க வேண்டியிருப்பதால், தனியாளை வைத்தும் விரும்பிய இடத்தில் நிற்கும் சுதந்திரம் அவ்வளவாகக் கிடைக்காது. நல்ல சிறு குழு போதும்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு யாரும் வேண்டாம். அதன் கவிகையின் (குவிமாடத்தின்) விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிவரை உள்ள உயரமும் ஏறக்குறைய 43 மீட்டர்; இரும்புக் கம்பியில்லாக் காங்கிரீட்டில் இன்றுவரை இதைவிடப் பெரிய கவிகை இல்லை. உச்சியில் உள்ள திறப்பு வழியே விழும் வெளிச்சம் சுவரில் நகர்வதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். முகப்பில், அங்கே முதலில் கோயில் கட்டிய அக்ரிப்பாவின் பெயர் இருந்தாலும் இன்றுள்ள கட்டடம் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் போதும். வழிபாட்டுத்தலம் என்பதால் அமைதி காக்க வேண்டும்.

செலவுக் கணக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குழுவில் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம். தனி வழிகாட்டியின் கட்டணம் பெரும்பாலும் நேரத்துக்குத்தான். ஒருவர் தனியாகப் போனால் அது பெரும் சுமை. ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டும் நெருங்கி வந்துவிடும். நுழைவு டிக்கெட் அந்தக் கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் உள்ளவரா என்றும் பாருங்கள்; இத்தாலியில் இத்தொழிலுக்கு உரிமம் கட்டாயம்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு மட்டும் என் கணக்கு மாறும். ஃபோரத்தின் மேடுபள்ளமான கல்பாதை முழங்காலைச் சோதிக்கும். குழு யாருக்காகவும் காத்திருக்காது. அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் கொலோசியத்துக்கும் தனி வழிகாட்டியையே அமர்த்துங்கள். ஆங்கிலத்தை மெதுவாகப் பேசும்படியும், எங்கே உட்காரலாம் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கும்படியும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம்.