மங்க் வழியா, கொல்விட்ஸ் வழியா?

நெருங்கியவரைப் பறிகொடுத்த துயரத்தைக் கலையாக்குவது எப்படி? இரண்டு கலைஞர்கள் இரண்டு வழி காட்டுகிறார்கள். நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க்கின் அக்கா சோஃபி 1877-ல் காசநோயில் இறந்தபோது அவளுக்கு வயது 15. எட்டு வருஷம் கழித்து மங்க் ‘நோயுற்ற குழந்தை’ ஓவியத்தைத் தொடங்கினார். வெள்ளைத் தலையணையில் சாய்ந்த செம்பட்டைத் தலை, பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பெண். பூசிய வண்ணத்தை அவரே சுரண்டினார், மறுபடி பூசினார். அந்தக் கீறல்கள் இன்றும் தெரிகின்றன. அப்படியும் ஆறவில்லை. சுமார் நாற்பது வருஷத்தில் அதே காட்சியை ஆறு முறை தீட்டினார்.

ஜெர்மனியின் சிற்பி கேத்தே கொல்விட்ஸ் நேர் எதிர். மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியப் போர்முனையில் இறந்தான், வயது 18. முதலில் மகனின் உருவத்தையே செய்யப் பார்த்தார். சரிவரவில்லை, நிறுத்திவிட்டார். அப்புறம் மகனை எடுத்துவிட்டு, பெற்றோரை மட்டும் மண்டியிட வைத்தார். அப்பா கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். அம்மா அப்படியே குனிந்துவிட்டார். அந்தக் கற்சிலைகள் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது 1932-ல்.

எனக்குக் கொல்விட்ஸ்தான் ஒரு படி மேல். பீட்டர் அங்கே இல்லாததால், பிள்ளையைப் பறிகொடுத்த யாரும் தன் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் பதினெட்டு வருஷம் காத்திருக்க எல்லோராலும் ஆகுமா? கை துறுதுறுக்கிற ஆளுக்கு மங்க் வழிதான் சரி.