நாலு வருடமாகக் கேட்ட இரைச்சல்

மச்சான் ஒருவன் நான் ஓட்டும் அதே மாடல் காரைப் பார்த்து வைத்திருக்கிறான். ரிக்கண்டிஷன் (வெளிநாட்டில் ஓடி இறக்குமதியானது), 660 சிசி. "இரைச்சல் கூடவாமே, உண்மையா?" என்று நேற்று கேட்டான். போன கிழமைதான் என் காரை கராஜிலிருந்து எடுத்து வந்தேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இழுவை, பெட்ரோல் பற்றி அவனுக்கே தெரியும். நாலு வருடமாக ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஓடுகிறது, ஒருநாளும் வழியில் நின்றதில்லை. சின்னச் சத்தங்கள் வந்தன, போயின. குளிர்ந்த காலையில் கீச்சென்று கத்தியது ஃபேன் பெல்ட். சின்னப் பள்ளத்தில் விழுந்தால் 'டொக் டொக்' என்றது ஸ்டேபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு), மாற்றியதும் நின்றது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்டால், சில்லுக்கு இழுவையைக் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜொயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அதுவும் வந்தது.

என்னை வாட்டியது வேறு. வேகம் 40ஐத் தாண்டினால் 'ஊ...ம்' என்று ஓர் இரைச்சல் தொடங்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். டயர் என்றார்கள். டயர் ஏறுக்குமாறாகத் தேய்ந்தாலும் அப்படித்தான் இரையும் என்பதால் நம்பினேன். நாலையும் மாற்றி வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அதே 'ஊ...ம்'. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. காசு போனதைவிட, ஒருவரும் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். வழுவழுப்பான காபட் ரோட்டில் அடங்கும், சொரசொரப்பில் கூடும். என் காரில் இரண்டிலும் ஒன்றுதான். கிரகரி வாவி ஓரத்துச் சமதரையில் நியூட்ரலுக்குப் போட்டேன் (இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது), அப்போதும் நிற்கவில்லை. அப்படியென்றால் என்ஜின் இல்லை. அப்புறம்தான் டெவோன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து முடக்குகளில் காது கொடுத்தேன். இடது பக்கம் திரும்பும்போது இரைச்சல் ஏறியது, வலது பக்கம் திரும்பினால் இறங்கியது. இடப்பக்கம் வளைந்தால் பாரம் வலது சில்லில் விழும். ஆக, வலது பக்கச் சில்லின் பெயரிங், அதாவது சில்லு உராயாமல் சுழல உள்ளே இருக்கும் குண்டு வளையம்.

தலவாக்கலையில் ஒரு மெக்கானிக் பாஸ் ஜாக் அடித்துச் சில்லைக் கையால் சுற்றினார். என் கையைப் பிடித்து சுருள் ஸ்பிரிங்கின்மேல் வைத்தார். உள்ளே மணல் அரைபடுவது போல விரலில் உணர்ந்தேன். இடது பக்கமும் வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

மறுநாள் அம்மாவை ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பின்சீட்டில் இருந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். இத்தனை நாளும் அவர் பேசாமல் வந்தது களைப்பினால் என்றுதான் நினைத்திருந்தேன். "நீ சொல்றது கேக்காது, அதான் சும்மா இருந்தேன்" என்றார்.

சரி, மச்சானுக்குப் பதில்: நல்ல கார், ஆனால் வாங்காதே. பெயரிங் சரியான பிறகும் கதவும் தரையும் மெல்லிய தகடுதான். மழை பெய்தால் பின்சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். உன் அப்பாவுக்கு ஏற்கனவே காது மந்தம். இல்லை, எடுத்தே தீருவேன் என்றால், பார்க்கப் போகும் நாளில் என்னையும் கூப்பிடு. ரேடியோ போடாமல் டெவோன் வரை ஓட்டிப் பார்ப்போம், நான் பின்சீட்டில் இருக்கிறேன்.