சென்சார் காற்றைப் பார்க்கும், டயரைப் பார்க்காது: நீண்ட நாள் அனுபவம்

டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் சென்சார்களில், வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகி வைக்கிற வகையைச் சில வருஷங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சக்கரத்துக்கு ஒன்று என நாலு சென்சார், டேஷ்போர்டில் வெயிலில் சார்ஜ் ஏறும் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான் மொத்தச் சாமான். என்னைக் கேட்டால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது காற்றுக்குக் காவலே தவிர டயருக்குக் காவல் இல்லை. டயரைப் பார்க்க இன்னமும் நாம்தான் குனிய வேண்டியிருக்கிறது.

வண்டியிலேயே எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பல கார்களில் இருப்பது மறைமுக வகை. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கி, மற்ற சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக இருக்கும் சென்சார்களை வைத்தே அதைக் கண்டுபிடித்து விளக்கைப் போடுகிறது. காற்று எவ்வளவு என்ற எண் கிடைக்காது. மாதக்கணக்கில் காற்றுப் பிடிக்காமல் நாலு டயரும் ஒரே அளவில் இறங்கினால், ஒப்பிட ஆள் இல்லாமல் அது சும்மா இருந்துவிடலாம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் பட்டன், அதாவது சாலையில் படும் மேல் ரப்பர், பிரிந்து கழன்ற ஃபயர்ஸ்டோன் நிறுவன டயர்களைத் திரும்பப் பெற்ற பெரிய விவகாரத்துக்குப் பிறகு இதற்கென்று சட்டமே வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்களுக்கெல்லாம் இந்த எச்சரிக்கை கட்டாயம். ஆனால் அந்த விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய டயர் 24-க்கு வரும்வரை வண்டி வாயைத் திறக்காமல் இருக்கலாம். எனக்கு அது ரொம்பத் தாமதம்.

தனி சென்சாரின் பலம் எண்ணைக் காட்டுவது மட்டுமல்ல, நாலு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது. வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். அதனால் குளிர்ந்த காலையில் நாலும் சேர்ந்து இறங்குவதும், ஓட ஓட நாலும் சேர்ந்து நாலைந்து ஏறுவதும் இயல்பு. காலையில் 33 இருந்த டயர் நெடுஞ்சாலையில் 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடக் கூடாது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்கிற எண். கவனிக்க வேண்டியது கூட்டத்தைவிட்டுப் பிரிகிற ஒற்றை எண்ணைத்தான்.

எனக்கு அப்படித்தான் பின்பக்க இடது டயர் மாட்டியது. மற்ற மூன்றும் அசையாமல் இருக்க, இது மட்டும் வாராவாரம் ஒரு பிஎஸ்ஐ போல இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சர் பார்ப்பவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, ஆணி எதுவும் இல்லை, காற்று சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். வீட்டில் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு வால்வு, பட்டன், ஓரம் என்று வரிசையாகத் தடவி, அவசரப்படாமல் உட்கார்ந்து பார்த்தேன். டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில், ஓர் இடத்தில் மட்டும் கடுகளவுக் குமிழிகள் நிதானமாக வந்துகொண்டிருந்தன. அலாய் ரிம் அரித்து, பூச்சு உரிந்திருந்த இடம் அது. டயரைக் கழற்றி, ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியதும் கசிவு நின்றது. காற்றழுத்தம் அளக்கும் வெறும் கேஜை வைத்து அவ்வப்போது பார்த்திருந்தால், கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று காற்றை மட்டும் அடித்துவிட்டுப் போயிருப்பேன்.

இனி குறைகள். காற்றுப் பிடிக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். திருட்டுப் போகாமல் இருக்க அடியில் ஒரு நட் வேறு, அதற்கென்று ஒரு குட்டி ஸ்பேனர், அது நிச்சயம் தொலையும். இந்தத் தொல்லைக்குப் பயந்து காற்றே பிடிக்காமல் விட்டால் சென்சார் வாங்கியதில் அர்த்தமில்லை. இன்னொன்று, இந்த சென்சார் வால்வின் நடுவில் இருக்கும் ஊசியை அழுத்தியபடியேதான் உட்கார்ந்திருக்கும். காற்றைத் தடுத்து நிற்பது சென்சாருக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான். அது காய்ந்துபோனால் கண்காணிக்க வைத்த சாமானே காற்றை விடும். ஒவ்வொரு முறை திருகிய பிறகும் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது இதனால்தான். பித்தளை வால்வில் அலுமினிய மரை ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் பிடித்துக்கொண்டு, கழற்றும்போது வால்வே முறுக்கிக்கொள்ளும். சுழலும்போது சென்சாரின் எடை ரப்பர் வால்வை வெளியே இழுத்தபடி இருப்பதால், அதன் அடிப்பகுதியை லேசாக வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முடிந்தால் உலோக வால்வுக்கு மாறிவிடுவது நல்லது. என் சென்சார்களில் ஒன்று கேஜைவிட எப்போதும் ஒரு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். எப்போதும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டுவதால் அது எனக்குப் பிரச்சினை இல்லை.

இந்தத் திரைக்குத் தெரியாத விஷயங்கள்தான் எனக்கு அதிகக் கவலை. பள்ளத்தில் சக்கரம் பலமாக இறங்கும்போது, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயரின் பக்கச்சுவர் நசுங்குகிறது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளி, வெளியே புடைப்பாகத் தெரியும். காற்று அப்போதும் முழுதாகத்தான் இருக்கும், திரையும் 33 என்றே காட்டும். அப்படிப் புடைத்த டயருக்கு ஒட்டு வேலை எதுவும் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

புடைப்பு வெளிப்பக்கம் வந்தால் கண்ணில் படும், உட்பக்கம் வந்தால்தான் வம்பு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் முன் சக்கரத்தின் உட்பக்கம் எட்டும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் மெதுவாகச் சுற்றிவர வேண்டும். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது. பின் சக்கரங்களை, டயர் மாற்றிப் போடும்போது கழற்றிய கையோடு பார்த்துவிடுகிறேன். ஒரு சமாதானம்: பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஆழமில்லாத பள்ளக் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் உள்ளே இழை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், பயப்பட வேண்டாம். உள்வாங்கினால் பரவாயில்லை, வெளியே தள்ளினால்தான் ஆபத்து.

அதே கையைப் பட்டன்மீது குறுக்கே ஓட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் நறநறவென்று உரசினால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது. மேடும் பள்ளமுமாக இருந்தால் சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்மானம் என்றால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. பட்டனின் இடைப் பள்ளங்களுக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேடுகளோடு பட்டன் சமமாகிவிட்டால் அந்த டயருக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம்விட ஒளிந்திருக்கிற சேதம் ஒன்று உண்டு. காற்றுக் குறைவாகக் கொஞ்ச தூரம் ஓடிய டயரில் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, உட்புற ரப்பர் அரைபட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரிம்மிலிருந்து கழற்றினால்தான் உள்ளே கறுப்புத் தூளும், சுற்றிலும் வளையமாகச் சுருக்கமும் தெரியும். டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து கயிறு சொருகுகிற பஞ்சர் வேலையில் இது தெரிய வாய்ப்பே இல்லை. மீண்டும் முழுக் காற்று அடித்துவிட்டால் திரையும் நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் காற்று இறங்கிய டயரை ஓட்டியிருந்தால், கழற்றி உள்ளே பார்த்து, உட்புறமிருந்து மஷ்ரூம் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் காம்போடு கூடிய காளான் வடிவ ஒட்டு) போடச் சொல்லிக் கேட்கிறேன். எந்த இடத்தில் அலாரம் அடித்தது, அதன் பிறகு எவ்வளவு தூரம் உருட்டினோம் என்பது அப்போது உதவும். சென்சாரும் கையும் சேர்ந்து வேலை செய்கிற இடம் இது.

ஸ்டெப்னியில் சென்சார் இல்லை. ஒல்லி வகை ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ தேவைப்படும், அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைக் கேஜ் வைத்துத்தான் பார்க்கிறேன். கூடவே பக்கச்சுவரில் இருக்கும் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக வரும் நாலு இலக்கங்களையும் பார்ப்பது வழக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். ஓடாமல் புத்தம்புதிதாகத் தெரியும் ஸ்டெப்னியும் வயசாகிக்கொண்டுதான் இருக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். அலார அளவை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பரிந்துரைத்த அளவுக்கு மூன்று பிஎஸ்ஐ கீழே வைத்திருக்கிறேன். அடுத்து நாலு டயரையும் மாற்றும்போது, எப்படியும் ரிம்மிலிருந்து கழற்றத்தானே போகிறார்கள் என்று உள்ளே பொருத்தும் வகைக்கு மாறிவிடலாம் என்றிருக்கிறேன். அதன் பேட்டரி ஐந்து முதல் பத்து வருஷம் வரும், வால்வு மூடியைச் சாதாரணமாகக் கழற்றிக் காற்றுப் பிடிக்கலாம், ஸ்பேனரும் தேட வேண்டாம்.