முதுசக் காணியும் அஸ்வெசுமவும்: திருகோணமலையில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தின் சேவை

நிலாவெளியில் அப்பப்பா விட்டுச்சென்ற 40 பேர்ச் காணியை என்ன செய்வதென்று கேட்பதற்காக, நடக்க முடியாத அப்பாவின் சார்பில், அத்தையையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு திருகோணமலை நகரில் காணி உறுதிகளை (பத்திரங்களை) எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றேன். சித்தப்பாவுக்கு அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான அறைகள் கட்டும் எண்ணம். விதவையான அத்தைக்கோ, தம் பெயருக்குக் காணி வந்தால் அரசின் நலன்புரி உதவிப்பணமான அஸ்வெசும நின்றுவிடுமோ என்ற பயம்.

தேசவழமைப்படிதான் பங்கு பிரியும் என்று சித்தப்பா உறுதியாக நம்பியிருந்தார். அது வடமாகாணத் தமிழருக்கான சட்டம் என்றும், திருகோணமலைக் குடும்பமான எங்களுக்கு 1876ஆம் ஆண்டின் மரபுரிமைக் கட்டளைச் சட்டமே பொருந்தும் என்றும் அந்த அலுவலகத்துச் சட்டத்தரணி விளக்கினார். பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் வம்சவழியை வரைந்து, அப்பப்பாவின் மரணசாதனம் (உயில்) இல்லாததால் முதலில் அப்பம்மாவுக்குப் பாதியும் பிள்ளைகளுக்கு மீதிப் பாதியும் சேர்ந்ததையும், அப்பம்மாவின் மறைவுக்குப் பின் மூவருக்கும் 13.33 பேர்ச் வீதம் வருவதையும் அவர் காட்டியபோதுதான் வீட்டில் பல வருடமாக நடந்த வாக்குவாதம் அடங்கியது. பிரிபடாத காணியில் பணத்தைப் போட்டுக் கட்டினால், பின்னர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் எவரேனும் வழக்குத் தொடரும்போது கட்டடமும் அந்தச் சிக்கலுக்குள் அகப்படும் என்பதால், முதலில் அளந்து, மூவரும் உடன்பட்டுப் பிரிவினை உறுதி எழுதிக்கொள்ளுங்கள் என்றார். முதலீடு பற்றி நாங்கள் பெற்ற ஆலோசனைகளில் இதுவே மிகப் பெறுமதியானது.

அஸ்வெசும பற்றி அவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை. அதையும் நான் பாராட்டுகிறேன். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு முழுக் குடும்பத்தையும் மதிப்பிடுவதால், காணிப் பங்கு ஒன்றை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது என்றும், பங்கை விற்றுக் கிடைக்கும் பணமோ வாடகையோ வேறு கேள்வி என்றும் சொன்னார். அத்தையின் பங்கையும் தன் பெயருக்கு எழுதினால் உதவி தப்பிவிடுமே என்று சித்தப்பா மெல்லக் கேட்டபோது, சட்டத்தரணி பேனையை மூடி வைத்துவிட்டு, உதவிப்பணம் கிடைக்கும் என்று எண்ணிக் காணியையே இழப்பதா என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

குறைகளும் உண்டு. பதிவகத் தேடுதலுக்கும் நில அளவையாளருக்கும் ஆகும் செலவை முன்கூட்டி எழுத்தில் தரவில்லை. வரைபடம் ஐந்து வாரம் தாமதமானது. வரைவில் அத்தையின் முதலெழுத்து அடையாள அட்டையிலிருந்து மாறியிருந்ததை நான் கவனித்திராவிட்டால், பிறகு திருத்த உறுதிக்கும் நாங்களே செலவழிக்க நேர்ந்திருக்கும். கையெழுத்து வைக்கும் முன் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பாருங்கள்.

உறுதி இன்னும் காணிப் பதிவகத்திலிருந்து திரும்பவில்லை. அதை எடுக்கப் போகும்போது தேடுதல் கட்டணத்துக்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.