ஒரே ஆட்டம், பல கைகள்: குழுவாக சிவிலைசேஷன் ஆட எந்த முறை?

இணையத்தில் சேர்ந்து பழகும் ஒரு குழுவில் யாராவது "எல்லாரும் சேர்ந்து ஒரு சிவிலைசேஷன் போடலாமா?" என்று கேட்டால் பத்துப் பேர் உடனே கை தூக்குவார்கள். மூன்றாவது வாரம் அதில் நாலு பேர் இருந்தால் பெரிய விஷயம். யாரையும் குறை சொல்ல முடியாது, ஒரு நாட்டைத் தொடக்கத்திலிருந்து வளர்த்தெடுக்கும் இந்தக் கணினி ஆட்டம் அவ்வளவு நீளம். சிவிலைசேஷன் 6-இல் ஸ்டாண்டர்ட் வேகத்தில் 500 டர்ன் (நகர்த்தும் சுற்று), குவிக் வேகத்தில் 330, 'ஆன்லைன்' என்று பெயர் வைத்திருக்கும் அதிவேக அமைப்பில்கூட 250. அதற்குள் தேர்வு வரும், வேலை மாறும், குழந்தை பிறக்கும், லேப்டாப் படுத்துக்கொள்ளும். ஆகவே எந்த முறை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் ஆட்டம் என்ன ஆகும்?

முறைகள் நான்கு. சக்சஷன் ஆட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாடு, ஒரே சேவ் ஃபைல் (ஆட்டத்தின் நிலையைப் பதிந்து வைக்கும் கோப்பு). எதிரிகள் எல்லாம் கணினி. ஒருவர் சில டர்ன்கள் ஆடிவிட்டு ஃபைலை அடுத்தவருக்குக் கொடுப்பார். பிபிஇஎம் (ப்ளே பை இ-மெயில்) என்பது மின்னஞ்சல் காலத்துப் பெயர். இதில் ஆளுக்கொரு நாடு. என் டர்னை முடித்தால்தான் ஃபைல் உங்களிடம் வரும். பிட்பாஸிலும் ஆளுக்கொரு நாடுதான், ஆனால் ஆட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செர்வரில் இருக்கும். டர்னுக்கு இவ்வளவு நேரம் என்று கடிகாரம் ஓடும், எல்லோரும் அதற்குள் தங்கள் வேலையை முடித்துவிட வேண்டும். டெமாக்ரசி ஆட்டத்தில் மறுபடியும் ஒரே நாடு. முடிவெல்லாம் ஓட்டெடுப்பில், மவுஸ் மட்டும் ஒருவர் கையில்.

பிபிஇஎம்: முதலில் தோன்றும், முதலில் நிற்கும்

யோசனை என்று வந்தால் பெரும்பாலும் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு ஒரு நாள் என்றால் ஒரு டர்ன் நகர ஆறு நாள். 250 டர்ன் ஆட 1,500 நாள், அதாவது நான்கு வருடத்துக்கு மேல். இதுவும் ஒருவர்கூடத் தாமதிக்காத ஆட்டத்துக்கான கணக்கு. தொடக்கத்தில் ஒரு டர்னில் செய்வதற்குத்தான் என்ன இருக்கிறது? ஒரே ஒரு வாரியரை (படைவீரரை) இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு ஆறு நாள் காத்திருக்க வேண்டும். ஆறு நாள் கழித்து ஃபைல் வரும்போது அந்த வாரியரை எதற்காக அங்கே அனுப்பினோம் என்பதே மறந்திருக்கும்.

கருவிகளுக்குக் குறைவில்லை. சிவிலைசேஷன் 4-இல் (சுருக்கமாக சிவ் 4) கடவுச்சொல்லோடு இந்த வசதி உள்ளேயே இருந்தது. சிவ் 5-க்கு ஜெயன்ட் மல்ட்டிபிளேயர் ரோபோட், சிவ் 6-க்கு ப்ளே யுவர் டேம் டர்ன் என்று வெளியார் செய்த சேவைகள் உண்டு. சிவ் 6-இலேயே ப்ளே பை கிளவுட் என்ற வசதியும் இருக்கிறது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் அதே மாதிரியான, போனிலும் ஓடும் இலவச ஆட்டம் அன்சிவ் இருக்கிறது. ஃபைலை அனுப்பும் தொல்லையையும் "இப்போது யார் முறை?" என்ற கேள்வியையும் இவை தீர்த்துவிடும். தீராதது ஆள் பிரச்சினை. ஒருவர் நின்றால் சங்கிலி முழுவதும் நிற்கும்.

இரண்டு பேர், அல்லது ஒரே வேகத்தில் வாழ்கிற மூன்று பேர் என்றால் நிலைமை தலைகீழ். ஒரே மாலையில் நாலைந்து டர்ன் ஓடிவிடும். அவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

பிட்பாஸ்: கடிகாரம் யாருக்கும் காத்திருக்காது

டர்னுக்கு 24 மணி நேரம் வைத்தால் 250 டர்னுக்கு 250 நாள். ஐந்து பேர் ஆடினாலும் பதினைந்து பேர் ஆடினாலும் கணக்கு மாறாது. பெரிய கூட்டத்துக்கு இது வசதி. இதே வகை இலவச ஆட்டமான ஃப்ரீசிவ் ஆடுபவர்கள் 'லாங்டர்ன்' என்று ஏறக்குறைய நாளுக்கு ஒரு டர்ன் வீதம் ஆடுவதும் இதே தர்க்கம்தான்.

இதில் காணாமல் போனவரால் ஆட்டம் நிற்காது, ஆனால் கெட்டுப்போகும். அவருடைய நகரங்கள் கேட்பாரில்லாமல் கிடக்கும். அவற்றைப் பக்கத்து நாட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்வார். திறமையால் அல்லாமல் எல்லை அமைந்த அதிர்ஷ்டத்தால் ஒருவர் ஜெயிப்பதை மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். மாற்று ஆட்டக்காரர் ஒருவரையாவது முன்கூட்டியே பேசி வைக்காமல் பிட்பாஸ் தொடங்கவே கூடாது.

இன்னொரு வில்லங்கம் இரட்டை நகர்வு. எல்லோரும் ஒரே டர்னுக்குள் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதால், ஒருவர் டர்ன் முடியும் கடைசி நிமிடத்தில் படையை எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, புது டர்ன் பிறந்த அடுத்த நிமிடமே தாக்கிவிட முடியும். எதிராளி அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். விழித்துப் பார்த்தால் நகரம் போயிருக்கும். இதற்காகவே அனுபவமுள்ள குழுக்கள் போர் தொடங்கியதும் கடிகாரத்தைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதி உனக்கு, இரண்டாம் பாதி எனக்கு என்று வைத்துக்கொள்கின்றன. விதி நல்லதுதான். ஆனால் வெவ்வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்களுக்கு ஒருவரின் பாதி நடுராத்திரியில் வந்து விழும், அதிலிருந்து சண்டை, சமரசம், நடுவர் தீர்ப்பு. போட்டி மனம் கொண்ட, சட்டம் பேசுவதில் சலிப்பில்லாத குழுவுக்கு இது பிடிக்கும். நட்புக்காக ஆடுபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

டெமாக்ரசி: ஆடாதவர்களுக்கும் இடம்

இதன் பெரிய பலம் பலருக்கும் தெரிவதில்லை. ஆட்டத்தைச் சொந்தமாக வாங்கியிருக்க வேண்டியதே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஓட்டுப் போடத் தெரிந்தால் போதும். இருபது பேர் இருக்கிறார்கள், ஆட்டம் நாலு பேரிடம்தான் இருக்கிறது என்றால் வேறு வழியும் இல்லை. யார் போனாலும் ஓட்டு எண்ணிக்கையில் ஒன்று குறையும், அவ்வளவுதான். மவுஸ் பிடிப்பவர் போனால் மட்டும் ஆபத்து, அதற்குத் துணை ஆள் ஒருவர் போதும்.

பேச்சு ஆட்டத்தை விழுங்குவதுதான் இதன் பலவீனம். இரண்டாவது நகரத்தை எங்கே வைப்பது என்பதற்கே மூன்று நாள் விவாதம் நடக்கும். பேசத் தெரிந்த இரண்டு பேர் மற்ற எல்லோரையும் ஓரங்கட்டிவிடுவார்கள். பேசுவதே சுகம் என்கிற குழுவுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சக்சஷன்: என் ஓட்டு இதற்கே

ஏன் என்பதற்கு முதல் காரணம், காணாமல் போனவரைத் தாண்டிப் போவது இதில் ஒரு வரி வேலை. "அவரை விட்டுவிட்டு அடுத்தவர் எடுக்கவும்" என்றால் முடிந்தது. நாடு ஒன்று என்பதால் யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை. அவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் வரிசையின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பல வருடமாகப் புழங்கும் வழக்கம் இது: ஐந்து பேர் வரை வரிசை. முதலாமவர் 20 டர்ன் ஆடுவார், ஏனென்றால் தொடக்கத்தில் வேலை குறைவு. பிறகு ஆளுக்கு 10. உங்கள் முறை வந்ததும் 24 மணி நேரத்துக்குள் 'எடுத்துக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டும், அதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆடி முடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்தவரோடு முறையை மாற்றிக்கொள்ளலாம், அல்லது இந்தச் சுற்றை விட்டுவிடலாம். 500 டர்ன் என்றால் முதல் இருபது போக 48 முறை, மொத்தம் 49. ஒவ்வொருவரும் மூன்று நாளையும் முழுசாக எடுத்துக்கொண்டால்கூட 147 நாள். நடைமுறையில் ஆட்டம் 500-க்கு முன்பே முடிந்துவிடும், பலர் ஒரே நாளில் ஆடிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் இரண்டு மூன்று மாதக் கதை. ஒன்று மட்டும் கவனம்: பிற்பகுதியில் நகரங்கள் பெருகியதும் 10 டர்ன் ஆடவே மணிக்கணக்கில் ஆகும். அப்போது கூச்சப்படாமல் 5 ஆகக் குறைத்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் கைமாற்றம். தனியாக ஆடும்போது கிடைக்காத சுவை அதில்தான் இருக்கிறது. நீங்கள் விட்டுப்போகும் குழப்பத்தோடு இன்னொருவர் வாழ வேண்டும். சிவ் 4-இல் அடிமை முறை இருக்கிறது. மக்கள்தொகையைப் பலி கொடுத்து ஒரு கட்டடத்தை உடனே முடிக்கலாம், அதற்கு அந்த நகரத்தில் 10 டர்ன் அதிருப்தி நிலவும். ஒருவருடைய முறையும் 10 டர்ன்தான். ஆக, கடைசி டர்னில் சாட்டையைச் சொடுக்கியவர் பலனைத் தன் பெயரில் எடுத்துக்கொள்வார், கோபம் முழுவதும் அடுத்தவர் தலையில். அதே போல சிவ் 6-இல் ஸ்டாண்டர்ட் வேகத்தில் ஒரு வர்த்தக ஒப்பந்தம் 30 டர்ன் நீடிக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டது மூன்று கை மாறித்தான் காலாவதியாகும். அந்த நேரத்தில் வந்து அமர்பவருக்கு எதற்காக இரும்பைக் கொடுத்தோம் என்பதே தெரிந்திருக்காது.

அதனால் கைமாற்றுக் குறிப்பு எழுதாதவரைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு நன்றாக ஆடினாலும் சரி. நீளம் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

"61 முதல் 70 வரை ஆடிட்டேன். தெற்கு நகரத்தில் கிரானரி இரண்டு டர்னில் முடியும், அடுத்து எதுவும் போடவில்லை. செட்லர் ஆற்றங்கரையில் நிற்கிறார், நகர்த்தவில்லை. அங்கேயே நகரம் வைப்பதா, மலையடிக்குப் போவதா என்று எல்லாரும் சொல்லுங்க. கிழக்கு எல்லையில் எதிரி மூணு ஆர்ச்சர் வைத்திருக்கிறான். அண்ணா, தலைநகரத்தில் இருக்கும் இரண்டு வீரர்களையும் வெளியே அனுப்பிடாதீங்க."

செட்லரை, அதாவது புது நகரம் அமைப்பவரை, நகர்த்தாமல் விட்டிருக்கிறார், கவனித்தீர்களா? அது நாகரிகம். எந்த நொடியில் சேவ் செய்வது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். டர்னை முடித்து, புது டர்ன் பிறந்ததும், எதையும் தொடாமல் சேவ் செய்து கொடுப்பதுதான் சுத்தம். தொலைதூரத்துக்குப் 'போ' என்று கட்டளையிட்ட யூனிட்கள் (படைகள், செட்லர்கள்) இருந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் சுதாரிப்பதற்குள் அது தானாக நடந்துபோய் காட்டுமிராண்டிகள் நடுவில் நிற்கும்.

முடிவு பிடிக்கவில்லை என்று பழைய சேவை மறுபடி லோட் செய்யக் கூடாது என்ற விதியும் எழுத்தில் இருக்கட்டும். சிவ் 4-இல் வழக்கமான அமைப்பில் சண்டையின் முடிவைத் தீர்மானிக்கும் அதிர்ஷ்ட எண்ணும் சேவ் ஃபைலிலேயே பதிந்திருக்கும். அதே சண்டையை அதே வரிசையில் திரும்பப் போட்டால் அதே முடிவுதான் வரும். ஆனாலும் வரிசையை மாற்றி ஏமாற்ற வழி இருக்கிறது. இதைக் கண்காணிக்க முடியாது, நம்பிக்கைதான்.

சக்சஷனுக்கும் குறை உண்டு. எல்லோரிடமும் ஒரே பதிப்பு, ஒரே டிஎல்சி (ஆட்டத்துக்குத் தனியாக வரும் கூடுதல் பகுதி), ஒரே மோட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கை) இருக்க வேண்டும். ஒருவரிடம் ஒரு மோட் இல்லாவிட்டால் ஃபைல் திறக்காது. முதல் ஆட்டத்துக்கு மோட் எதுவும் வேண்டாம் என்பேன். அப்புறம், இதில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் கிக் கிடையாது. அது வேண்டுமென்றால் பிட்பாஸுக்குத்தான் போக வேண்டும்.

இந்த முறை சிவிலைசேஷனுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. குள்ளர்களின் கோட்டையைக் கட்டி நடத்தும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி ஆட்டத்தை ஆடுபவர்கள் ஆளுக்கு ஓர் ஆட்ட ஆண்டு என்று கோட்டையைக் கைமாற்றுவார்கள். 2006-இல் தொடங்கிய போட்மர்டர்ட் என்ற கோட்டை யானைகளாலும் எரிமலைக் குழம்பாலும் சீரழிந்த கதையை இன்றும் புதிதாக வருபவர்கள் தேடிப் படிக்கிறார்கள். தோற்ற ஆட்டம்தான். ஒவ்வொரு ஆண்டும் பொறுப்பில் இருந்தவர் எழுதி வைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் அது யாருக்கும் நினைவிருக்காது.

தொடங்கும்போது

கடினத்தை எவ்வளவு வைப்பது என்பதில் குழுக்கள் தடுமாறும். சிவ் 6-இல் மிக எளிதான செட்லர் முதல் மிகக் கடினமான டீட்டி வரை எட்டு நிலை. நன்றாக ஆடுபவரின் நிலையை வைத்தால் மற்றவர்கள் பயந்துபோய் ஒவ்வொரு நகர்வுக்கும் அவரிடம் அனுமதி கேட்பார்கள். புதியவரின் நிலையை வைத்தால் ஆட்டத்தைப் பாதியிலேயே ஜெயித்துவிடுவீர்கள், மீதியை ஆட ஆள் வர மாட்டார்கள். குழுவில் நடுத்தரமாக ஆடுபவர் இதுவரை ஜெயிக்காத நிலை எதுவோ அதை எடுங்கள். கூடிப் பேசி ஆடுவதால் ஒரு படி ஏற்றம் தாங்கும்.

விசேஷ விதிகள் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கும். எல்லா நாட்டோடும் எப்போதும் போர் என்ற விதி சக்சஷனுக்கு நன்றாகப் பொருந்தும், யார் முறை வந்தாலும் கைக்கு வேலை இருக்கும். ஒரே நகரத்தோடு ஜெயிக்க வேண்டும் என்ற சவால் தனியாளுக்குத்தான் சரி. ஒரு நகரத்தை வைத்துக்கொண்டு பத்து டர்ன் ஆடுபவர் பெரும்பாலும் டர்ன் முடிக்கும் பொத்தானை மட்டுமே அழுத்திக்கொண்டிருப்பார்.

வரிசை போடும்போது முதல் 20 டர்னைக் குழுவின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கத் தோன்றும். எழுதுவதில் ஆர்வம் உள்ளவருக்குக் கொடுங்கள். முதல் குறிப்பு இரண்டு வரியில் முடிந்தால் மற்ற நான்கு பேரும் இரண்டு வரிதான் எழுதுவார்கள்.