செட்சி ஈ: ஆணை மலடாக்குவதா, குடல் பாக்டீரியாவை மாற்றுவதா?

ஆப்பிரிக்காவில் மனிதருக்குத் தூக்க நோயையும் மாடுகளுக்கு நாகனா என்ற நோயையும் பரப்புவது இந்த ஈ. அதை அடக்க, மலடாக்கிய ஆண் ஈக்களை விடுவதா, அல்லது ஈ நோயைப் பரப்பாதபடி அதன் குடல் பாக்டீரியாவை மாற்றுவதா, எந்த வழி என்று கேட்பவர்களுக்கு:

களத்தில் பலன்
மலட்டு ஆண்: சான்சிபாரின் உங்குஜா தீவில் 1994 முதல் 1997 வரை கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண்களை விமானத்திலிருந்து விட்டு, ஈயையே ஒழித்துவிட்டார்கள். பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறைதான் இணையும் (அது மலட்டு ஆணோடு என்றால் குஞ்சே இல்லை), ஒரு நேரத்தில் ஒரே புழுதான் போடும் என்பதால் இது எடுபட்டது.
பாக்டீரியா: இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை.

எளிமை
மலட்டு ஆண்: ஈப்பண்ணை வேண்டும், ஈக்குத் தீனியாக ரத்தம் வேண்டும், செலவு பிடிக்கும்.
பாக்டீரியா: ஈக்கு பி வைட்டமின் தரும் விகிள்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியாவை ஈக்கு வெளியே வளர்க்க முடியாது, அது இல்லாவிட்டால் பெண் ஈ மலடாகிவிடும். ஆனால் சோடாலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா ஆய்வகத் தட்டில் வளரும். நோய்க்கிருமியைத் தாக்கும் புரதத்தைச் சுரக்கும்படி அதை மாற்றி ஈக்குள் விடலாம். தாய் ஈ வயிற்றுக்குள்ளேயே புழுவுக்கு ஊட்டும் பாலில் (ஆமாம், ஈப்பால்தான்!) அது அடுத்த தலைமுறைக்கும் போய்விடும்.

ஆபத்து
மலட்டு ஆண்: கொசு மாதிரி இல்லை, இங்கே ஆணும் கடிக்கும், நோயைப் பரப்பும். அதனால் விடுமுன் மருந்து கலந்த ரத்தம் கொடுக்கிறார்கள்.
பாக்டீரியா: மரபணு மாற்றம், அனுமதி கிடைப்பது பாடு.

தீவு, ஒதுங்கிய பள்ளத்தாக்கு என்றால் மலட்டு ஆண்தான். ஈ திரும்பத் திரும்ப வந்து சேரும் பரந்த புல்வெளிக்கு பாக்டீரியா பொருந்தலாம், ஆனால் இப்போதைக்குக் கிடைக்காது. என்னைக் கேட்டால், விடப்போகும் மலட்டு ஆண்களின் குடலில்தான் மாற்றிய சோடாலிஸை முதலில் சோதிக்க வேண்டும்.